கயிறு பிடிச்ச கை

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசிய நடையிலேயே தருகிறோம்.)



குடும்பத்திலேயும் சாமி கும்பிடுற இடத்திலேயும் நன்றியும் சிரிப்பும் எப்படி இருக்குன்னு பேசச் சொன்னாங்க. வீட்டுல போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "நன்றியைப் பத்தி நீ பேசப் போறியா? இருபத்தேழு வருஷமா நானும் அதை இந்த வீட்டுல தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கேயாவது பார்த்தா எனக்கும் ஒரு தகவல் சொல்லு"ன்னார். அதனால இன்னைக்கு அவரையும் கூட்டிட்டு வந்திருக்கேன். பின்னால பந்தல் காலுக்குப் பக்கத்துல கம்போட உட்கார்ந்திருக்கிறது அவர்தான். தகவல் இன்னைக்குச் சொல்லிடுவேன்.

முதல்ல நம்ம ஊர் மாதாவுல இருந்து ஆரம்பிக்கிறேன். நான் கிறிஸ்தவப் பொம்பளை. ஆனா பனிமய மாதா திருவிழாவுக்கு வராத ஆள் தூத்துக்குடியில யாரு இருக்கா? ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. 2023-ல தங்கத் தேர் ஓடினப்போ, வடம் தொட்ட கைகள்ல எந்தக் கை எந்த மதம்னு யாரும் கேட்கலை. மாதா சுரூபம் 1555-ல மணிலாவில இருந்து கப்பல்ல வந்ததுன்னு சொல்லுவாங்க. இப்ப இருக்கிற கோயில் 1713-ல கட்டினது.

சின்னப் பிள்ளையில எனக்கு ஒரு சந்தேகம். ரோமாபுரியில ஒரு மலை மேல ஆகஸ்ட் மாசத்து வெயில்ல பனி பெய்ததாம், அதனால அந்தப் பேர் வந்ததுன்னு கதை சொன்னாங்க. சரி. தூத்துக்குடியில பனி எங்கே இருக்கு? மீன் ஏலக் கூடத்துல மீனுக்குப் போடுற ஐஸ் கட்டிதான் நம்ம ஊர்ப் பனி. என் மாமியார்கிட்ட ஒரு நாள் இதைக் கேட்டேன். அவங்க என்னை உப்பளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போய், வெயில்ல கண்ணைக் கூசுற மாதிரி குவிச்சுக் கிடந்த உப்பைக் காட்டி, "இதைவிட உனக்கு என்னளா பனி வேணும்? அந்த ஊர்ப் பனி ஒரு நாள்ல உருகிப் போச்சு. நம்ம பனி ஊருக்கெல்லாம் குழம்புல கிடக்கு"ன்னாங்க. அன்னையில இருந்து எந்த வீட்டுல சாப்பிட்டாலும், இந்த உப்பை வாரின பொம்பளை யாரோன்னு ஒரு நினைப்பு வந்துடும். இந்தக் கூட்டத்துலயே உப்பு வாரின கை எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னைக்குச் சாம்பார்ல உப்பு சரியா இருந்தா, முதல்ல அவங்களை நினைச்சுக்கோங்க. கூடிப் போயிருந்தா சமையல்காரரைத் திட்டுங்க.

எனக்கு வேணும்

என் மகள் கல்லூரியில வரலாறு படிச்சா. அவ படிக்கிற காலத்துல தினமும் ராத்திரி எனக்கு ஒரு கதை சொல்லுவா. அதுல ஒண்ணு இது.

சவேரியார் 1542-ல நம்ம கடற்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரங்களை வச்சு செபங்களைத் தமிழ்ல எழுதி, மனப்பாடம் பண்ணி, மணி அடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டி, கடற்கரை கடற்கரையாச் சொல்லிக் குடுத்தார். அவருக்குப் பின்னால ஹென்ரிக்கஸ் அடிகளார்னு ஒருத்தர் வந்தார். 1578-ல தமிழ்ல 'தம்பிரான் வணக்கம்' புத்தகத்தை அச்சுப் போட்டவர் அவர்தான். ஆனா அவர் வர்றதுக்கு முன்னாலயே, சவேரியாருக்குச் செபத்துல ஒரு பிழை தெரிஞ்சு போச்சு. விசுவாசப் பிரமாணத்துல "விசுவசிக்கிறேன்"னு வரவேண்டிய இடத்துல, "வேணும்"னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதாவது, "கடவுளை நம்புறேன்"னு சொல்றதுக்குப் பதிலா, நம்ம முன்னோர்கள் கடற்கரையில நின்னு "எனக்கு வேணும், எனக்கு வேணும்"னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

சவேரியாரே அதைத் திருத்தச் சொல்லிட்டார். செபத்துலதான் திருத்தினார். நம்ம மனசுல இன்னும் திருந்தலை! நான் கோயிலுக்குப் போனா என்ன சொல்றேன்? மகளுக்கு மாப்பிள்ளை வேணும். மகனுக்கு ஹார்பர்ல வேலை வேணும். முட்டி வலி போகணும். லோன் சீக்கிரம் வரணும். எங்க குழுவுல இருக்கிற லாத்தா சொல்லுவாங்க, "ஏ, உன் செபம் ரேஷன் கடைச் சீட்டு மாதிரி இருக்கு. அரிசி, பருப்பு, பாமாயில். வாங்கினதுக்கு ஒரு கையெழுத்தாவது போடுறியா?"

அந்த வாங்கினதுக்குப் போடுற கையெழுத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. கையெழுத்து இல்லாதவங்க கைநாட்டு வைக்கலாம். அந்தக் கைநாட்டு பின்னால வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

சாமி முன்னால சிரிக்கலாமா?

என் மாமியார் செபமாலை சொல்றதை நீங்க கேட்டிருக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் பாயில முழங்கால்ல நிக்கணும். அவங்க கண்ணை மூடித்தான் இருப்பாங்க. ஆனா வீடு முழுக்க அவங்க கண்ணுதான். "அருள் நிறைந்த மரியே"ன்னு பாதி சொல்லுவாங்க. நடுவுல, "ஏட்டி, பூனை சாளை மீனைத் தூக்குது பாரு"ம்பாங்க. விட்ட இடத்துல இருந்து ஒரு எழுத்துப் பிசகாமச் செபத்தைப் பிடிப்பாங்க. "மாமி, மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டேன். "அவளும் வீட்டைப் பார்த்த பொம்பளைதானே. பூனையைப் பத்தி அவளுக்குத் தெரியாதா?"ன்னாங்க.

ஒரு தவக்காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிட்டு வந்தாங்க. முகம் ரொம்பத் தெளிவா இருந்துச்சு. "நல்லபடியாச் சொல்லிட்டீங்களா மாமி?"ன்னேன். "சொல்லிட்டேன்ளா. என் பாவம் சீக்கிரம் முடிஞ்சு போச்சு. சாமியார் இன்னும் ஏதாவது இருக்கான்னு கேட்டார். உனக்குத்தான் வேலை, வர நேரமிருக்காதேன்னு உன் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிட்டு வந்துட்டேன்."

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. எங்க குழுவுல ஒரு மைனி இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு, தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டினார். குலசைத் தசரா உங்களுக்குத் தெரியும். காளி, குறவன், போலீஸ், பிச்சைக்காரர், கரடின்னு வேஷம் போட்டு, வீடு வீடாப் போய்த் தர்மம் எடுத்து, காணிக்கையைக் கோயில்ல சேர்ப்பாங்க. இவர் பெண் வேஷம். சேலை கட்டினார். முதல் நாள் பிளவுஸ் ஊக்கு போட அரை மணி நேரம். இரண்டாம் நாள் சேலை காலைத் தட்டி, தெருக் குழாய்கிட்ட விழுந்தார். மூணாம் நாள் வீட்டுக்கு வந்து, "இதைக் கட்டிக்கிட்டு நீ எப்படிட்டி ரெண்டு குடம் தண்ணி தூக்குற?"ன்னு கேட்டாராம். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷத்துல அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்னு மைனி சொன்னாங்க.

அதோட விடலை. நாலாம் நாள் வேஷத்தோட சொந்த வீட்டு வாசல்லயே தர்மம் கேட்டு வந்து நின்னார். அம்மன் வேஷத்துல வந்தவரை அம்மனாத்தானே கும்பிடணும்? மைனி தட்டுல பத்து ரூபாயைப் போட்டு, கீழே விழுந்து கும்பிட்டு, எல்லார் முன்னாலயும், "தாயே, நாளைக்குக் குழுத் தவணை. என் புருஷன் ஐநூறு ரூபாய் பாக்கி வச்சிருக்கார். நீங்கதான் அவர் மனசுல புகுந்து வாங்கித் தரணும்"னு வேண்டிக்கிட்டாங்க. அவர் என்ன பண்ணுவார்? அம்மன் கோவிச்சுக்க முடியுமா? மறுநாள் காலையில ஐநூறு ரூபாய் வந்துடுச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல தண்ணி எடுக்கிறது அவர்தான்.

சாமி முன்னால சிரிக்கலாமான்னு யாராவது கேட்டா, இந்தக் கதையைச் சொல்லுங்க. சிரிச்சதால பக்தி குறையலை. ஒருத்தர் பாரம் இன்னொருத்தருக்குப் புரிஞ்சுச்சு.

சுறாவைக் கட்டினவரும், கயிறு பிடிச்சவரும்

இது முத்துக் குளிச்ச கடற்கரை. 1961-க்கு அப்புறம் முத்துக் குளிப்பு நின்னு போச்சு. ஆனா அதுக்கு முன்னால எத்தனையோ நூறு வருஷம் நம்ம பாட்டன்மார் கல்லைக் கட்டிக்கிட்டு, ஒரே மூச்சுல அடிக்கடலுக்குப் போய் வந்தவங்க. கிறிஸ்தவங்களும் போனாங்க, காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் போனாங்க. இங்கேயும் குளிச்சாங்க, இலங்கையில மன்னார்ப் பக்கமும் போய்க் குளிச்சாங்க. எல்லாருக்கும் ஒரே பயம், சுறா. அதுக்குன்னே 'கடல்கட்டி'ன்னு ஒருத்தர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டிடுவார்னு நம்பிக்கை. அவர் வராம ஒருத்தரும் தண்ணியில இறங்க மாட்டாங்க.

சுமார் நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னால இலங்கையில பெரிய அதிகாரியா இருந்த எமர்சன் டென்னென்ட் இதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். மந்திரம் பரம்பரையா வர்றது. ஆனா அந்தக் காலத்துல அந்தக் குடும்பத்துத் தலைவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவராம்! அதுக்கு மேல ஒண்ணு. டென்னென்ட் போன அன்னைக்குக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கார். அந்த ஆள் சொன்னாராம், "எனக்கு மந்திரம் தெரியாது. ஆனா அவர் அனுப்பின ஆள் நான்னு சுறாவுக்குத் தெரியும். மரியாதை குடுக்கும்."

சிரிக்கிறீங்க. நம்ம குழுவுலேயும் தலைவி வரலைன்னா பேங்குக்குப் பதில் ஆள் அனுப்புறோம்ல? மேனேஜர் சார் மரியாதை குடுக்கிறார்ல? சார், உங்களைச் சுறான்னு சொல்லலை சார்.

ஆனா மந்திரத்தை மட்டும் நம்பி யாரும் இறங்கலை. குளிக்கிறவர் இடுப்புலயோ கையிலயோ ஒரு கயிறு. மேல வள்ளத்துல அந்தக் கயிறைப் பிடிக்க ஒரு ஆள். கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினா, மேல இருக்கிறவர் அந்த நொடியே இழுக்கணும். அந்த ஆள் மச்சானா இருக்கணும்னு நம்ம கடற்கரையில சொல்லுவாங்க. அண்ணன் தம்பின்னா சொத்துத் தகராறு இருக்கும். மச்சான், தன் கூடப்பிறந்தவ தாலியைக் கையில பிடிச்சிருக்கான். விட மாட்டான்.

என் வீட்டுக்காரர் முத்து எடுக்கலை. சங்கு குளிக்கப் போனவர். கம்ப்ரசர் மிஷின்ல இருந்து ரப்பர் குழாய் வழியாக் காத்து வரும், அதைக் கடிச்சுக்கிட்டு இறங்குவாங்க. அவருக்குக் கயிறு பிடிச்சது என் கூடப்பிறந்த அண்ணன்.

என் மூத்தவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது, ஒரு நாள் நடுக்கடல்ல மிஷின் நின்னு போச்சு. கீழே காத்து இல்லை. கயிறு சுண்டிச்சு. அண்ணன் தன்னால முடிஞ்ச வேகத்துல இழுத்துட்டார். உயிரோட வந்துட்டார். ஆனா ஆழத்துல இருந்து அப்படிச் சட்டுன்னு வரக்கூடாதாம். சோடா பாட்டிலைத் திறந்தா எப்படிக் குமிழ் பொங்குது, அந்த மாதிரி ரத்தத்துல கரைஞ்சிருந்த காத்து குமிழாப் பொங்கிடுமாம். கரைக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

மெதுவா இழுத்திருந்தா மூச்சு முட்டிப் போயிருப்பார். வேகமா இழுத்ததால கால் போச்சு. எங்க அண்ணன் என்ன பண்ணுவார்? ஆனா அவர் மனசு அப்படி நினைக்கலை. "நான்தான் என் தங்கச்சி புருஷனை முடக்கிட்டேன்"னு எங்க வீட்டுப் பக்கமே வர்றதை நிறுத்திட்டார். மூணு மாசம். பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கி அடுத்த வீட்டுல குடுத்துட்டுப் போயிடுவார். எனக்கும், உண்மையைச் சொல்றேன், அவர் மேல கோபம் இருந்துச்சு. இவரைப் படுக்கையில பார்க்கும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் கண் முன்னால வரும்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு என் மாமியார் போய் எங்க அண்ணனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. அவர் வாசல்ல தலையைக் குனிஞ்சு நிக்கிறார். வீட்டுல ஒருத்தரும் பேசலை. கட்டில்ல கிடந்த இவர் சொன்னார்: "வாரும் மச்சான். உமக்கு ஒரு கணக்குச் சொல்லணும்னு இருந்தேன். காலை நீர் எடுத்துக்கிட்டு ஆளை எங்கிட்டக் குடுத்துட்டீர். யாவாரத்துல எனக்குத்தான் லாபம். உமக்கு எங்கே நஷ்டம் தெரிஞ்சு போகுமோன்னுதான் இத்தனை நாள் நானும் கூப்பிடலை."

அண்ணன் சிரிக்கவும் முடியாம, அழவும் முடியாம, கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அப்புறம் சிரிச்சார். எல்லாரும் சிரிச்சோம். அன்னைக்கு எங்க வீட்டுல ரொம்ப நாளைக்கு அப்புறம் சோறு இறங்குச்சு. நன்றிங்கிற வார்த்தையை அவர் சொல்லலை. மன்னிச்சுட்டேன்னும் சொல்லலை. மன்னிக்கிறதுக்கு அண்ணன் ஒண்ணும் பண்ணலையே! ஆனா அந்த ஒரு வேடிக்கைப் பேச்சுல ரெண்டும் இருந்துச்சு.

முப்பத்திரண்டு கைநாட்டு

இனி என் மாமியார். இவங்களைப் பத்திப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் குழுவுல சேர்ந்தப்போ முதல் எதிரி அவங்கதான். "வாரம் இருபது ரூபாயைக் கொண்டு போய் ஊர்ப் பொம்பளைகள்கிட்டக் குடுக்கா. இது பேசித் தீர்க்கிற கூட்டம், சேர்த்து வைக்கிற கூட்டம் இல்லை"ன்னு தெருவுக்கே கேட்கச் சொல்லுவாங்க. அவங்க காதுல பாம்படம் தொங்கும். கோபத்துல தலையை ஆட்டினா ரெண்டும் கன்னத்துல வந்து அடிக்கும். அதைப் பார்த்து நான் சிரிச்சுடுவேன். இன்னும் கோபம் வரும்.

இவர் விழுந்த பத்தாவது நாள், அந்தப் பாம்படத்தைக் கழட்டி என் கையில வச்சாங்க. ஐம்பது வருஷம் பாரம் தாங்கின காது ரெண்டும் வெறுமையாத் தோள்ல தொட்டுக்கிட்டு ஆடுச்சு. என்னால பார்க்க முடியலை. அவங்களே, "அப்பாடா, பாரம் விட்டுச்சு. இனிமே நீ முணுமுணுக்கிறது எனக்கு இன்னும் நல்லாக் கேட்கும், சாக்கிரதை"ன்னாங்க. அன்னைக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லலை. அவங்க மகனுக்குத்தானே குடுக்காங்கன்னு நினைச்சேன்.

எட்டு மாசம் நான் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன். குழுக் கூட்டத்துக்கு வரலை. திரும்பி வந்தப்போ என் சேமிப்பு விட்டுப் போகாம இருந்துச்சு. கடனும் கிடைச்சுச்சு. அந்தக் கடன்லதான் இவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பிச்சதும் வலை பின்னுறதுக்கு நூலும் சாமானும் வாங்கினோம். குழுவுல இரக்கப்பட்டு விட்டுக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன். கேட்கவும் கூச்சமா இருந்துச்சு.

மாமியார் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு, குழுவைத் தரம் பிரிக்கப் பழைய நோட்டெல்லாம் எடுத்தோம். அப்ப நான்தான் கணக்கு எழுதுறவ. பக்கத்தைப் புரட்டுறேன். என் பேருக்கு நேரா, நான் வராத வாரத்துல எல்லாம் ஒரு கைநாட்டு. பெரிய கட்டை விரல். எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. ஒரு வாரம்கூட விடலை. முதியோர் பென்ஷன் பணத்துல இருந்து வாரா வாரம் இருபது ரூபாய். பேசித் தீர்க்கிற கூட்டம்னு சொன்ன அந்தப் பொம்பளை, முப்பத்திரண்டு வாரம் எனக்குப் பதிலா இதே பாயில வந்து உட்கார்ந்திருக்காங்க.

"நீங்க ஏன் ஒருத்தரும் சொல்லலை?"ன்னு லாத்தாகிட்டச் சண்டை போட்டேன். லாத்தா சொன்னாங்க: "அவங்கதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'தெரிஞ்சா எனக்குப் பணிஞ்சு போயிடுவா. அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடுறது?'ன்னு கேட்டாங்க."

நோட்டை மூடி வச்சுட்டு அழுதேன். அழுதுக்கிட்டே சிரிச்சேன். ஆனா சொல்லவேண்டியவங்க இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி ஏத்தும்போது வருஷா வருஷம் சொல்றேன். பதில் வரலை. அவங்க உயிரோட இருந்தா, "மெழுகுதிரி என்ன விலை? ஏன் ரெண்டு வாங்கின?"ன்னு கேட்டிருப்பாங்க.

நன்றி வேற, பணிஞ்சு போறது வேற

இதுல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடணும். நன்றியா இருன்னு சொல்லியே நம்ம வாயை அடைக்கிறவங்களும் இருக்காங்க. "புருஷன் அடிச்சாலும் உயிரோட இருக்கானே, கடவுளுக்கு நன்றி சொல்லு"ம்பாங்க. "வேலை குடுத்தாரே, கூலியைப் பத்திப் பேசாதே"ம்பாங்க. அது நன்றி இல்லை. கயிறு பிடிச்சவருக்கு நன்றி சொல்லணும். கயிறால கட்டிப் போட்டவருக்குச் சொல்லவேண்டியதில்லை. உப்பளத்துல மழைக்கால மாசங்கள்ல வேலை இருக்காது. அதுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் இப்ப வருதுன்னா, ரொம்ப காலமாக் கேட்டுக் கேட்டு வாங்கினது. வாங்கும்போது கும்பிடுங்க, தப்பில்லை. ஆனா தலை நிமிர்ந்து கும்பிடுங்க.

சிரிப்புக்கும் அப்படித்தான். சிரிக்க வைக்கிறது வேற, சிரிப்பாச் சிரிக்க வைக்கிறது வேற. பிள்ளை இல்லாதவளை, கறுப்பா இருக்கிறவளை, புருஷன் விட்டுட்டுப் போனவளைப் பார்த்துச் சிரிக்கிறதுக்குப் பேர் வேடிக்கை இல்லை. யாரை வச்சுச் சிரிக்கிறோமோ அவளும் சேர்ந்து சிரிக்கணும். அவ சிரிக்கலைன்னா நிறுத்திடணும்.

வெள்ளம் சொன்னது

2023 டிசம்பர் 17, 18 யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. நூத்துக்கணக்கான பேர், சுத்திலும் தண்ணி. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க, அவங்க வீட்டுலயே தண்ணி புகுந்திருக்கும்போது, இருந்த அரிசியைச் சேர்த்துக் கோயில்ல வச்சுச் சமைச்சு, முகம் தெரியாத அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டாங்க. ஒருத்தரும் கடன் நோட்டுல எழுதலை.

எங்க தெருவுல நாங்க பதினோரு குடும்பம் ஒரே மொட்டை மாடியில. ராத்திரி முழுக்க இருட்டு. நான் மாதாவைக் கூப்பிடுறேன், மைனி திருச்செந்தூர் முருகனைக் கூப்பிடுறாங்க, லாத்தா ஓதிக்கிட்டு இருக்காங்க. விடியும்போது கீழே தண்ணியில லாத்தா வீட்டுப் பிரியாணி அண்டா மெதுவா மிதந்து, தெருவைச் சுத்திப் போகுது. லாத்தா எட்டிப் பார்த்துட்டு, "போன பெருநாளைக்கு நீங்க எல்லாரும் எப்பக் குடுப்பேன்னு கேட்டீங்கள்ல? இப்ப அதுவா வீடு வீடா வருது, வாங்கிக்கோங்க"ன்னாங்க. வீடு போச்சு, அரிசி போச்சு, பிள்ளைகளோட சர்டிபிகேட் நனைஞ்சு போச்சு. ஆனாலும் பதினோரு குடும்பமும் சிரிச்சுச்சு. சிரிச்ச பிறகுதான், யாருகிட்ட பிஸ்கட் இருக்கு, யாரு பிள்ளைக்குக் காய்ச்சல்னு பார்க்கிற தெம்பு வந்துச்சு. மத்தியானம் நம்ம கடற்கரை ஆளுங்க போட்டைக் கொண்டு வந்து இறக்கிவிட்டாங்க. என் வீட்டுக்காரரைத் தூக்கி ஏத்தினது யாரு? அதே மச்சான்தான். இவர் சொன்னார், "இந்தத் தடவை மெதுவா இழும்."

ஆறாவது சூத்திரம்

சகோதரிகளே, நமக்குப் பஞ்ச சூத்திரம் சொல்லிக் குடுத்திருக்காங்க. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான தவணை, சரியான கணக்கு. இந்த ஐந்தாலதான் நாம இன்னைக்கு இந்தப் பந்தல்ல உட்கார்ந்திருக்கோம். ஒரு ஆறாவதை நான் கேட்டுக்கிறேன். காசு செலவில்லை, பேங்க் சார் கையெழுத்தும் வேண்டாம்.

வாரக் கூட்டத்துல சேமிப்பு வாங்கி முடிச்சதும், ஒவ்வொருத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும்: இந்த வாரம் என் கயிறைப் பிடிச்சது யாரு? மாமியாரா இருக்கலாம். பஸ்ஸுல எழுந்து இடம் குடுத்த பையனா இருக்கலாம். சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி, கரண்ட் போனப்போ மெழுகுதிரி நீட்டியிருக்கலாம். தீர்மான நோட்டுல கடைசி வரியில அதை எழுதிடுங்க. எழுதினதோட விடாதீங்க. அந்த ஆள் உயிரோட இருக்கும்போதே போய்ச் சொல்லிடுங்க. நேரா நன்றின்னு சொல்ல நமக்குக் கூச்சம் வரும். அப்போ ஒரு வேடிக்கை பேசிச் சொல்லுங்க, ஒரு கிண்ணம் மீன் குழம்பு குடுத்துச் சொல்லுங்க. எப்படியாவது சொல்லிடுங்க. நான் விட்ட மாதிரி நீங்க விட்டுடாதீங்க.

கடைசியா, வீட்டுல கேட்ட தகவலைக் குடுத்துடுறேன். இருபத்தேழு வருஷமா நன்றியைத் தேடிக்கிட்டு இருக்கேன்னு சொன்னவருக்கு: ஏங்க, அது நம்ம வீட்டுலதான் இருந்துச்சு. உங்க அம்மா குழு நோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க. நான் எடுத்துட்டேன். இத்தனை பேர் முன்னால சொல்றேன். எங்க அண்ணனை அன்னைக்கு நீங்க சிரிக்க வைக்கலைன்னா, எனக்கு ஒரு அண்ணன் இல்லாம போயிருப்பார். அதுக்கு உங்களுக்கு நன்றி.

இதை வச்சு வீட்டுல இன்னொரு காபி கேட்கலாம்னு நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டுதான்.

இலை போடச் சொல்லுங்க.